கணிப்பொறி விளையாட்டுக் கருவிகளும் யூ.எஸ்.பி. மின்சாரமும்

கணிப்பொறியுடன் இணைத்து உபயோகிக்கப்படும் விளையாட்டுக் கருவிகள் இன்று பெருநகரங்களில் மட்டுமன்றிச் சிற்றூர்களிலும் காணப்படுகின்றன. வண்ண விளக்குகள் பொருந்திய கீபோர்டு, மவுஸ், இரு கைகளாலும் பிடித்து இயக்கும் கேம்பேட், ஜாய்ஸ்டிக், கார்ப் பந்தய ஆட்டங்களுக்கான ஸ்டியரிங் சக்கரம், ஹெட்செட் ஆகியவை இவ்வகையைச் சேர்ந்தவை. ஈ-ஸ்போர்ட்ஸ் எனப்படும் கணிப்பொறி விளையாட்டுப் போட்டிகளை, பல போட்டிகள் அடங்கிய விளையாட்டு விழாக்களின் ஒரு பகுதியாக மத்திய அரசு 2022 டிசம்பரில் அங்கீகரித்தது. 2023-ல் ஹாங்சௌ நகரில் நடைபெற்ற ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் இவற்றுக்குப் பதக்கங்களும் வழங்கப்பட்டன. எனவே, இளைஞர் மன்றங்களிலும் கல்லூரிகளிலும் பணியாற்றும் கள ஊழியர்களிடமும், பள்ளிக் கணிப்பொறி அறைகளைக் கவனித்துவரும் ஆசிரியர்களிடமும் இக்கருவிகளின் பழுதுகளைப் பற்றி இளைஞர்கள் கேட்பது இயல்பேயாகும்.

இவர்களிடம் வரும் முறையீடுகள் பெரும்பாலும் ஒரே மாதிரியானவை. ஆட்டத்தின் நடுவே கீபோர்டு விளக்குகள் அணைந்து மீண்டும் எரிகின்றன. கேம்பேட் அதிரும்போதெல்லாம் கணிப்பொறியுடன் அதன் தொடர்பு அறுந்துவிடுகிறது. ஹெட்செட்டைச் செருகினால் மவுஸ் நின்றுபோகிறது. இவற்றைக் காண்போர் கருவி கெட்டுவிட்டது என்று முடிவு செய்து, அதை ஒதுக்கிவிட்டுப் புதிதாக ஒன்றை வாங்குகின்றனர். புதிய கருவியும் சில நாட்களில் அதே குறையைக் காட்டத் தொடங்குகிறது. இரண்டாவது கருவிக்கும் பணம் செலவாகிவிட்டது. பழுது மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

இதற்குக் காரணம் யாதெனில், இத்தகைய பழுதுகளில் பல கருவியினுள் தோன்றுபவையல்ல. கருவிக்கு மின்சாரம் வந்துசேரும் வழியில் தோன்றுபவை. ஆகவே, கருவியைக் குறை கூறுமுன் அந்த வழியை முறைப்படி சோதித்தறிவது அவசியம். இதற்கு விலையுயர்ந்த சாதனங்கள் தேவையில்லை. மின்னழுத்தம், மின்னோட்டம், மின்தடை ஆகிய மூன்றையும் பற்றிய பள்ளிப் பாடமும் சிறிது பொறுமையுமே போதும்.

ஒரே கேபிளில் செய்தியும் மின்சாரமும்

தனியாள் உபயோகத்திற்கான கணிப்பொறியை ஐ.பி.எம். நிறுவனம் 1981-ல் வெளியிட்டபோது, ஜாய்ஸ்டிக்கை இணைப்பதற்கென 15 முனைகள் கொண்ட தனி இணைப்பு ஒன்று இருந்தது. கீபோர்டுக்கு வேறொன்று, அச்சுப்பொறிக்கு மற்றொன்று என ஒவ்வொரு கருவிக்கும் ஒவ்வொரு வடிவமான இணைப்பு தேவைப்பட்டது. இந்தத் தொல்லையை நீக்கும் பொருட்டு, காம்பாக், டெக், ஐ.பி.எம்., இன்டெல், மைக்ரோசாஃப்ட், என்.இ.சி., நார்டெல் ஆகிய 7 நிறுவனங்கள் ஒன்றுகூடிப் பொதுவான இணைப்பு முறை ஒன்றை வகுத்தன. அதுவே யூ.எஸ்.பி. என்று வழங்கப்படுகிறது. அதன் முதல் விதித்தொகுப்பு 1996 ஜனவரியில் வெளியாயிற்று. இம்முயற்சியில் முக்கிய பங்கு கொண்ட இன்டெல் பொறியியல் அறிஞர் அஜய் பட், குஜராத்தின் வடோதராவில் உள்ள மகாராஜா சயாஜிராவ் பல்கலைக்கழகத்தில் பயின்றவர் என்பது இந்தியர் மகிழத்தக்க செய்தி. பின்னர் 2000-ல் யூ.எஸ்.பி. 2.0 விதிகளும், 2008-ல் 3.0 விதிகளும், 2014-ல் எந்தப் பக்கமாகவும் செருகக்கூடிய டைப்-சி இணைப்பும் தோன்றின.

யூ.எஸ்.பி. கேபிளைப் பிரித்துப் பார்த்தால் அடிப்படையில் 4 கம்பிகள் இருப்பதைக் காணலாம். சிவப்பும் கறுப்பும் மின்சாரத்தைக் கொண்டுசெல்கின்றன; பச்சையும் வெள்ளையும் செய்தியைக் கொண்டுசெல்கின்றன. 3.0 முறையில் செய்திக்கெனக் கூடுதலான கம்பிகள் உண்டு. செய்தி வேறு, மின்சாரம் வேறு என்ற இவ்வேறுபாட்டை மனத்தில் இருத்திக் கொண்டால் பழுதறியும் வேலையில் பாதி முடிந்தது எனலாம். கைப்பேசிக்கு மின்னேற்றம் செய்வதற்கென்றே விற்கப்படும் சில கேபிள்களில் செய்திக் கம்பிகள் இருப்பதில்லை. அவற்றைக் கொண்டு கேம்பேடை இணைத்தால் அதன் விளக்கு நன்றாக எரியும். ஆயினும் அப்படியொரு கருவி இணைக்கப்பட்டிருப்பதே கணிப்பொறிக்குத் தெரியாது. இங்கு மின்சாரத்தில் குறையில்லை. கேபிளை மாற்றுவதே பரிகாரம்.

கேட்டுப் பெறும் முறை

யூ.எஸ்.பி. போர்ட் சாதாரணமாக 5 வோல்ட் அழுத்தத்தில் மின்சாரம் வழங்குகிறது. யூ.எஸ்.பி. 2.0 விதிப்படி, ஒரு கருவி செருகப்பட்டவுடன் 100 மில்லி ஆம்பியருக்கு மேல் எடுத்துக்கொள்ளலாகாது. அடுத்து அக்கருவி தன் பெயர், வகை முதலியவற்றுடன், தனக்கு அதிகபட்சம் எவ்வளவு மின்னோட்டம் தேவைப்படும் என்பதையும் கணிப்பொறிக்குத் தெரிவிக்கிறது. கணிப்பொறி இசைவு தந்த பின்னரே அது 500 மில்லி ஆம்பியர் வரை எடுத்துக்கொள்ளலாம். 3.0 முறையில் இவ்வளவுகள் முறையே 150, 900 மில்லி ஆம்பியராக உயர்த்தப்பட்டுள்ளன. வாட் கணக்கில் கூறினால், 2.0 போர்ட் ஒன்று தரக்கூடியது 2.5 வாட், 3.0 போர்ட் ஒன்று தரக்கூடியது 4.5 வாட். டைப்-சி இணைப்பில் 1.5 அல்லது 3 ஆம்பியர் வரை வழங்கவும் வழியுண்டு. ஆயினும் எல்லாக் கணிப்பொறிகளும் அவ்வாறு வழங்குவதில்லை.

இந்த ஏற்பாடு, வாய்க்கால் நீரை முறை வைத்துப் பாய்ச்சுவதை ஒத்தது. ஒவ்வொருவரும் தத்தம் தேவையைச் சொல்லி மடையைத் திறந்துகொள்கின்றனர். ஆனால் முக்கியமான வேறுபாடு ஒன்று உண்டு. தேவை எவ்வளவு என்று கருவி சொன்னதைக் கணிப்பொறி அப்படியே ஏற்றுக்கொள்கிறது; உண்மையில் எவ்வளவு எடுக்கப்படுகிறது என்பதை அது பொதுவாக அளந்து பார்ப்பதில்லை. 100 மில்லி ஆம்பியர் போதும் என்று சொன்ன கருவி, விளக்குகள் முழுவதும் எரியும்போது 300 எடுத்தாலும், அளவு கடந்து பாதுகாப்பு உறுப்பு குறுக்கிடும்வரை தடுப்பார் எவருமில்லை. பல பழுதுகளின் தோற்றுவாய், ஏட்டில் உள்ள கணக்கிற்கும் கம்பியில் ஓடும் மின்னோட்டத்திற்கும் இடையேயுள்ள இந்த வேறுபாடேயாகும்.

விளையாட்டுக் கருவிகளின் தேவை

அலுவலகத்தில் உபயோகிக்கப்படும் சாதாரண மவுஸுக்கு 100 மில்லி ஆம்பியரே தாராளமானது. விளையாட்டுக் கருவிகளின் நிலை வேறு.

முதலாவது, விளக்குகள். ஏறத்தாழ 100 விசைகள் உள்ள கீபோர்டில் ஒவ்வொரு விசைக்கும் அடியில் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று நிறங்களையும் தரும் எல்.இ.டி. விளக்கு இருக்கக்கூடும். நிறம் ஒன்றுக்கு 20 மில்லி ஆம்பியர் என்று கொண்டு எல்லாவற்றையும் முழு ஒளியில் எரித்தால் 6 ஆம்பியர் தேவைப்படும். எந்தச் சாதாரண போர்ட்டும் இதைத் தர இயலாது. எனவே, விளக்குகளைத் தொகுதி தொகுதியாக மிக வேகமாக மாற்றி மாற்றி எரித்தும், ஒளியைக் குறைத்தும் தயாரிப்பாளர்கள் தேவையைக் கட்டுப்படுத்துகின்றனர். அவ்வாறு கட்டுப்படுத்திய பின்பும், சிவப்பு மட்டும் எரிவதைவிட மூன்று நிறங்களும் சேர்ந்து வெண்மையாக எரியும்போது மின்னோட்டம் அதிகமாகவே இருக்கும். வெண்ணிறத்திற்கு மாற்றினால் தோன்றி, சிவப்பிற்கு மாற்றினால் மறையும் பழுது மின்சாரப் பற்றாக்குறையைச் சுட்டுகிறது.

இரண்டாவது, அதிர்வு மோட்டார்கள். எந்த மோட்டாரும் சீராக ஓடும்போது எடுப்பதைவிடப் புறப்படும் கணத்தில் மிக அதிகமான மின்னோட்டத்தை எடுக்கும். கிணற்றுப் பம்பை இயக்கும்போது வீட்டு விளக்குகள் ஒரு கணம் மங்குவதை நாட்டுப்புறத்தில் யாவரும் கண்டிருப்பர். கேம்பேடினுள் இருக்கும் சிறு மோட்டார் செய்வதும் அதுவே. அந்த ஒரு கணத்தில் அழுத்தம் தாழ்ந்தால், கருவியிலுள்ள நுண் கட்டுப்பாட்டுச் சில்லு நின்று மீண்டும் தொடங்குகிறது. ஆடுபவருக்கு அது தொடர்பு அறுந்ததாகத் தோன்றுகிறது.

மூன்றாவது, எதிர்விசை தரும் ஸ்டியரிங் சக்கரம். இதன் மோட்டார்களுக்கு யூ.எஸ்.பி. மின்சாரம் எவ்வகையிலும் போதாது. ஆகவே தனி அடாப்டர் உடன் வழங்கப்படுகிறது. அதைச் செருக மறந்தவிடத்து, சக்கரத்தைக் கணிப்பொறி அறிந்துகொண்டாலும் விசை தோன்றாமற்போவதுண்டு. சில கீபோர்டுகளில் இரண்டு யூ.எஸ்.பி. முனைகள் இருப்பதும் கவனிக்கத்தக்கது. இரண்டாவது முனையை உபயோகமற்றது என்று கருதிச் செருகாமல் விடுவது பலரும் செய்யும் தவறு.

கேபிளில் இழக்கப்படும் அழுத்தம்

வாய்க்காலின் தலைமடையில் நீர் நிறைந்திருந்தாலும் கடைமடைக்கு அது எட்டாமற்போகலாம். அதுபோன்றே, போர்ட்டில் 5 வோல்ட் இருந்தாலும் கருவியின் உள்ளே அது குறைந்துவிடலாம். மெல்லிய, நீண்ட கம்பிகளே இதற்குக் காரணம்.

மலிவான கேபிள்களில் மின்சாரக் கம்பிகள் பெரும்பாலும் 28-ஆம் எண் கம்பிகளாக இருக்கும். அவற்றின் விட்டம் சுமார் 0.32 மில்லிமீட்டர், ஒரு மீட்டருக்கு மின்தடை சுமார் 0.21 ஓம். 24-ஆம் எண் கம்பியின் விட்டம் சுமார் 0.51 மில்லிமீட்டர், ஒரு மீட்டருக்கு மின்தடை சுமார் 0.084 ஓம். மின்சாரம் சிவப்புக் கம்பி வழியே சென்று கறுப்புக் கம்பி வழியே திரும்புவதால், கேபிளின் நீளத்தை இரு மடங்காகக் கொள்ள வேண்டும்.

எடுத்துக்காட்டாக, 1.8 மீட்டர் கேபிள் உள்ள கீபோர்டு ஒன்று, 3 மீட்டர் நீட்டிப்புக் கேபிளுடன் இணைக்கப்பட்டிருப்பதாகக் கொள்வோம். மொத்த நீளம் 4.8 மீட்டர்; போக்குவரத்தாக 9.6 மீட்டர். 28-ஆம் எண் கம்பியாயின் மின்தடை ஏறத்தாழ 2 ஓம். விளக்குகள் மங்கலாக எரிந்து 0.15 ஆம்பியர் ஓடும்போது இழப்பு 0.3 வோல்ட், கருவிக்குக் கிடைப்பது 4.7 வோல்ட். விளக்குகள் பிரகாசமாக எரிந்து 0.4 ஆம்பியர் ஓடும்போது இழப்பு 0.8 வோல்ட், கருவிக்குக் கிடைப்பது 4.2 வோல்ட் மட்டுமே. கணிப்பொறியின் போர்ட்டில் அழுத்தம் 4.75 வோல்ட்டுக்கும், தனி மின்சாரமில்லாத ஹப்பின் போர்ட்டில் 4.40 வோல்ட்டுக்கும் குறையலாகாது என்பது யூ.எஸ்.பி. 2.0 விதி. 4.2 வோல்ட் இவ்விரண்டுக்கும் கீழானது. எனவே, கருவி தடுமாறுவதில் வியப்பில்லை. அதே நீளத்திற்கு 24-ஆம் எண் கம்பியை உபயோகித்தால் இழப்பு சுமார் 0.3 வோல்ட்டாகக் குறைந்து, பழுது நீங்கிவிடும். கம்பியின் தடையுடன், தேய்ந்த செருகுமுனைகளிலும் துரு ஏறிய தொடுபரப்புகளிலும் தோன்றும் தடையும் சேர்ந்துகொள்ளும். செருகியதை லேசாக அசைத்தால் விளக்கு மின்னுவது இதன் அறிகுறி.

ஹப் என்னும் பங்கீட்டுப் பெட்டி

ஒரு போர்ட்டைப் பலவாகப் பிரித்துத் தரும் ஹப் இரு வகைப்படும். கணிப்பொறியின் மின்சாரத்தையே பகிர்ந்தளிப்பது ஒரு வகை. தனக்கென அடாப்டர் உடையது மற்றொரு வகை. முதல் வகையில், கிடைக்கும் 500 மில்லி ஆம்பியரில் ஹப் தன் செலவுக்கு 100 ஒதுக்கிக்கொண்டு, எஞ்சிய 4 போர்ட்டுகளுக்கும் தலா 100 வழங்க வேண்டும் என்பது 2.0 விதி. 500 தேவையென்று அறிவிக்கும் கீபோர்டை இத்தகைய ஹப்பில் செருகினால் கணிப்பொறி இசைவு தர மறுப்பதே முறையாகும். ஆனால் மலிவான ஹப்கள் சில, அடாப்டர் இல்லாதபோதும் தமக்குத் தனி மின்சாரம் உண்டு என்று கணிப்பொறிக்குத் தவறாகத் தெரிவிக்கின்றன. கணிப்பொறி அதை நம்பி எல்லாவற்றுக்கும் இசைவு தந்துவிடுகிறது. எல்லாக் கருவிகளும் ஒருங்கே இயங்கும் நேரத்தில் அழுத்தம் சரிகிறது. ஹெட்செட்டைச் செருகியவுடன் மவுஸ் நிற்பதன் மர்மம் பலவிடங்களில் இதுவேயாகும்.

புதிய கருவி செருகப்படும் கணத்தில், அதனுள் இருக்கும் மின்தேக்கிகள் நிரம்புவதற்காகத் திடீரென மின்னோட்டம் பாய்வதும் உண்டு. இதைக் கட்டுப்படுத்தவே, கருவியின் மின்தேக்கம் செருகும் நேரத்தில் 10 மைக்ரோ ஃபாரடுக்கு மேற்படலாகாது என விதிக்கப்பட்டுள்ளது. இவ்விதியைப் பின்பற்றாத கருவி ஒன்று, பக்கத்திலுள்ள நல்ல கருவியையும் ஒரு கணம் நிலைகுலையச் செய்யும்.

பாதுகாப்பும் சேமிப்பும்

அளவுக்கு மீறிய மின்னோட்டம் ஓடினால் கணிப்பொறி சேதமுறாதிருக்கப் போர்ட்டுகளில் பாதுகாப்பு உறுப்பு ஒன்று அமைக்கப்படுகிறது. சிலவற்றில் இது, சூடேறும்போது தடை மிகுந்து மின்சாரத்தைத் தடுத்து, ஆறிய பின் தானாகவே பழைய நிலைக்குத் திரும்பும் உருகியாக இருக்கும். ஆகவே, போர்ட் முற்றிலும் செயலற்றுப்போனால் உடனே அது கெட்டுவிட்டதாகக் கருதலாகாது. கருவிகளை அகற்றி, கணிப்பொறியை அணைத்து, மின் இணைப்பிலிருந்து எடுத்துச் சிறிது நேரம் ஆறவிட்டு மீண்டும் சோதிக்க வேண்டும். அருகருகே உள்ள இரண்டு போர்ட்டுகள் ஒரே பாதுகாப்பு உறுப்பைப் பகிர்ந்துகொள்வதும் உண்டு. அதனால் ஒன்றில் நேர்ந்த தவறு மற்றொன்றிலும் தெரியும்.

மற்றொரு காரணம் சிக்கன ஏற்பாடு. சிறிது நேரம் உபயோகிக்கப்படாத யூ.எஸ்.பி. கருவியைக் கணிப்பொறி உறங்கவைத்துவிடுகிறது. உறங்கும் கருவி சாதாரணமாக 2.5 மில்லி ஆம்பியருக்கு மேல் எடுக்கலாகாது. சில கருவிகள் இவ்வுறக்கத்திலிருந்து சரிவர விழிப்பதில்லை. மடிக்கணினி பாட்டரியில் இயங்கும்போது மட்டும் பழுது தோன்றினாலோ, கருவியைத் தொடாமல் வைத்திருந்த பின்னரே தோன்றினாலோ இதைச் சந்தேகிக்கலாம். விண்டோஸ் கணிப்பொறிகளின் மின்சார அமைப்புகளில் யூ.எஸ்.பி. கருவிகளை உறங்கவைக்கும் தெரிவு உள்ளது; பல கணிப்பொறிகளில் டிவைஸ் மானேஜரில் ஒவ்வொரு ரூட் ஹப்பிற்கும் இதற்கெனத் தனிக் கட்டமும் உண்டு. இவற்றை நீக்கிவிட்டுச் சோதித்தால் உண்மை புலப்படும்.

மின்சாரப் பழுதைப்போல் தோன்றி ஏமாற்றும் காரணம் ஒன்றையும் இங்கே குறிப்பிட வேண்டும். யூ.எஸ்.பி. 3.0 போர்ட்டுகளும் கேபிள்களும் இயங்கும்போது எழும் வானொலி அலை இரைச்சல், 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்கும் கம்பியில்லா மவுஸுகளைப் பாதிக்கக்கூடும் என்பதை இன்டெல் நிறுவனம் 2012-ல் வெளியிட்ட அறிக்கையில் விளக்கியுள்ளது. அருகில் வன்தட்டு ஒன்றைச் செருகியவுடன் கம்பியில்லா மவுஸ் தயங்கினால், அதன் சிறு அலைவாங்கியைக் குட்டையான நீட்டிப்புக் கேபிள் மூலம் சற்றுத் தள்ளி வைத்துப் பார்க்க வேண்டும்.

சோதிக்கும் வரிசை

ஒரு நேரத்தில் ஒரு மாற்றத்தை மட்டுமே செய்ய வேண்டும் என்பது விஞ்ஞானப் பரிசோதனையின் முதல் விதி. கேபிளையும் போர்ட்டையும் ஒருங்கே மாற்றினால், பழுது நீங்கினாலும் காரணம் தெரியாது. கீழ்க்காணும் வரிசை வசதியானது.

1. பழுது எப்போது தோன்றுகிறது என்பதைக் குறித்துக்கொள்ளவும்: செருகியவுடனா, விளக்கு மிகும்போதா, அதிரும்போதா, வேறொரு கருவியைச் செருகும்போதா, நெடுநேரம் தொடாதிருந்த பின்னா?

2. ஹப்பையும் நீட்டிப்புக் கேபிளையும் நீக்கிவிட்டுக் கருவியைக் கணிப்பொறியில் நேராகச் செருகவும். மேசைக் கணிப்பொறியாயின் பின்புற போர்ட்டை உபயோகிக்கவும். முன்புற போர்ட்டுகள் பெட்டிக்குள் ஓடும் கம்பி வழியே இணைக்கப்பட்டவை. பின்புறத்தவை தாய்ப்பலகையிலேயே அமைந்தவை.

3. மற்ற யூ.எஸ்.பி. கருவிகளை அகற்றி, இந்த ஒன்றை மட்டும் இயக்கிப் பார்க்கவும். பின்னர் மற்றவற்றை ஒவ்வொன்றாகச் சேர்க்கவும்.

4. கழற்றக்கூடிய கேபிளாயின், செய்திக் கம்பிகளும் உள்ள குட்டையான, தடித்த கேபிளை மாற்றவும்.

5. விளக்கின் ஒளியைக் குறைத்தும், அதிர்வை நிறுத்தியும் பார்க்கவும்.

6. சிக்கன ஏற்பாட்டை நீக்கிப் பார்க்கவும்.

7. தனி அடாப்டர் உள்ள நல்ல ஹப் மூலம் இணைத்துப் பார்க்கவும்.

8. வேறொரு கணிப்பொறியில் செருகிப் பார்க்கவும்.

இவற்றில் ஏதேனும் ஒன்றினால் பழுது நீங்கினால், அத்துடன் நின்றுவிடலாகாது. பழைய நிலையை மீண்டும் ஏற்படுத்தி, பழுது திரும்பத் தோன்றுகிறதா என்று பார்க்க வேண்டும். அது திரும்பினாலன்றிக் காரணம் நிச்சயமாகாது. எல்லாச் சோதனைகளுக்குப் பின்னும், இரண்டு கணிப்பொறிகளிலும் நல்ல கேபிளிலும் அதே பழுது நீடித்தால் மட்டுமே கருவியைக் குறை கூறுவது நியாயமாகும்.

சில எச்சரிக்கைகள்

ஹப்பிற்கு அதற்குரிய அடாப்டரையே உபயோகிக்க வேண்டும். வீட்டு இணைய ரௌட்டர்களின் அடாப்டர் முனை அதே வடிவில் இருக்கக்கூடும். ஆனால் அவற்றில் பல 9 அல்லது 12 வோல்ட் தருபவை. 5 வோல்ட் கருவியில் அதைச் செருகினால் ஹப்புடன் அதில் இணைந்துள்ள கருவிகளும் எரிந்துபோகலாம். முனை பொருந்துகிறது என்பது அழுத்தம் பொருந்துகிறது என்பதற்குச் சான்றாகாது. அடாப்டரின் மேல் அச்சிட்டுள்ள வோல்ட், ஆம்பியர் அளவுகளையும், நேர்முனை உட்புறமா வெளிப்புறமா என்ற குறியையும் படித்தறிய வேண்டும். வோல்ட் சரியாயிருந்து ஆம்பியர் அளவு தேவைக்கு மேற்பட்டிருப்பதால் தீங்கில்லை.

போர்ட்டின் பாதுகாப்பு உறுப்பைக் கம்பியால் இணைத்து ஒதுக்கிவிடுவது, கேபிள்களை வெட்டி முறுக்கி ஒட்டுவது ஆகியவற்றைச் செய்யலாகாது. போர்ட்டிலோ கேபிளிலோ கருகிய வாசனை வீசினால் சோதனையை அத்துடன் நிறுத்திவிட வேண்டும்.

கணிப்பொறியின் உலோகப் பெட்டியைத் தொடும்போது சுறுக்கென்று உணர்வு ஏற்பட்டாலோ, ஹெட்செட்டில் ஓயாத ரீங்காரம் கேட்டாலோ, முதலில் சுவரிலுள்ள பிளக்கின் நில இணைப்பைக் கவனிக்க வேண்டும். மூன்றாவது முனையை ஒடித்துவிட்டு உபயோகிக்கும் வழக்கம் அபாயகரமானது. 230 வோல்ட் சம்பந்தப்பட்ட இக்குறையைச் சீர்செய்வது மின்பணியாளரின் வேலை. ஆசிரியரோ மாணவரோ அதில் கைவைக்கலாகாது.

வகுப்பறையில் ஒரு சோதனை

யூ.எஸ்.பி. வழியில் செருகி, வோல்ட்டையும் ஆம்பியரையும் எண்களாகக் காட்டும் சிறு மானிகள் கடைகளில் கிடைக்கின்றன. ஜார்ஜ் சைமன் ஓம் 1827-ல் வெளியிட்ட விதியை மாணவர்களுக்கு நேரிற் காட்ட இதைவிட எளிய வழி அரிது. கணிப்பொறியில் நீட்டிப்புக் கேபிளையும், அதன் மறுமுனையில் மானியையும், மானியில் விளக்குள்ள கீபோர்டையும் செருக வேண்டும். ஒளி குறைவாக இருக்கும்போது 0.10 ஆம்பியர், 4.90 வோல்ட் என்றும், மிகுதியாக இருக்கும்போது 0.40 ஆம்பியர், 4.54 வோல்ட் என்றும் மானி காட்டுவதாகக் கொள்வோம். அழுத்தம் குறைந்தது 0.36 வோல்ட், மின்னோட்டம் மிகுந்தது 0.30 ஆம்பியர். முன்னதைப் பின்னதால் வகுத்தால், மானி வரையுள்ள வழியின் மின்தடை 1.2 ஓம் என்பது கிடைக்கிறது. குட்டையான, நீளமான, மெல்லிய, தடித்த கேபிள்களைக் கொண்டு மாணவர்களே இதை அளந்து அட்டவணையாக எழுதலாம். அட்டவணை முடிந்ததும், அறையிலுள்ள கேபிள்களில் எதை வைத்துக்கொள்வது, எதை ஒதுக்குவது என்பதை அவர்களே சொல்வர்.

சோதனையின் பயன்

விளையாட்டுக் கருவிதானே என்று இவற்றை அலட்சியம் செய்வது சரியன்று. ஜாய்ஸ்டிக், பெரிய பொத்தான்கள் முதலியவற்றை இணைத்து உடற்குறை உள்ளோரும் ஆட இயலுமாறு, எக்ஸ்பாக்ஸ் அடாப்டிவ் கன்ட்ரோலர் என்னும் கருவியை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2018-ல் வெளியிட்டது. விரல்களை இயக்க முடியாத சிறுவன் ஒருவனுக்கு ஒரு ஜாய்ஸ்டிக்கே கணிப்பொறியைத் திறக்கும் வாயிலாக இருக்கலாம். அது அடிக்கடி நின்றுபோகும்போது, அவனால் இதை இயக்க இயலாது என்று சுற்றியுள்ளோர் முடிவு செய்துவிடக்கூடும். உண்மையில் குறை அவனிடத்திலும் இல்லை, கருவியிலும் இல்லை. மேசைக்கடியில் ஓடும் மெல்லிய கேபிளில் இருக்கலாம். சிறுசேமிப்பைக் கொண்டு கேம்பேட் வாங்கிய மாணவனுக்கும், ஆண்டு ஒதுக்கீட்டில் கருவிகள் வாங்கிய பள்ளிக்கும் இது பொருந்தும்.

உண்மையிலேயே கெட்டுப்போன கருவிகளைக் குப்பையில் எறியாமல், 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்துள்ள மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் சேரும் வகையில் ஒப்படைக்க வேண்டும். ஆனால் நல்ல கருவி ஒன்று சோதிக்கப்படாமல் அக்குவியலில் போய்ச் சேருவது இரட்டை நஷ்டம். கள ஊழியரின் பையில் குட்டையான, தடித்த கேபிள் ஒன்றும், அடாப்டருடன் கூடிய ஹப் ஒன்றும், சிறு மானி ஒன்றும் இருக்குமாயின், அந்த நஷ்டத்தைப் பெரும்பாலும் தவிர்க்கலாம்.